சுவரும் சட்டமும்

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பது நம் நாட்டுப் பழமொழி. உடல்நலம் உடையவரே உலகில் எதனையும் செய்து முடிக்க வல்லவர் என்னும் கருத்தில் பெரியோர் அதனை வழங்கினர். இந்நாளில் சிலர் அதற்குப் புதுப்பொருள் கண்டுவிட்டனர். சுவர் இருந்தால் போதும், எழுதிவிடலாம் என்பது அவர்தம் கொள்கை. அச்சுவர் யாருடையது, அதனை எழுப்பியவர் யார், எழுதுவதற்கு அவர் இசைந்தாரா என்ற கேள்விகள் அவர்கள் உள்ளத்தில் எழுவதே இல்லை. அவற்றை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தாம்பரத்திலிருந்து செங்கற்பட்டு நோக்கிச் செல்லும் மின்தொடர்வண்டியில் ஒருநாள் சாளரத்தோரம் அமர்ந்து பாருங்கள். பெருங்களத்தூரையும் வண்டலூரையும் கடந்தால் வருவது ஊரப்பாக்கம். முன்னாளில் ஏரியும் வயலும் சூழ்ந்த சிற்றூர் அது. சென்னை மாநகரம் தெற்கு நோக்கி வளர வளர, ஜி.எஸ்.டி. சாலையின் இருமருங்கிலும் வீடுகள் பெருகின. 2023ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் அண்மையிலுள்ள கிளாம்பாக்கத்தில் பெரும் பேருந்து முனையம் திறக்கப்பட்டபின், அவ்வழியே சென்று வருவோர் தொகை மேலும் பெருகியது. வீடு பெருகினால் சுவர் பெருகும். வழிப்போக்கர் பெருகினால் அச்சுவரைப் பார்க்கும் கண்கள் பெருகும். கண்கள் பெருகுமிடத்தில் விளம்பரம் வந்து சேர்வது இயல்பு. வீட்டுமனை விற்பனை ஒருபுறம், பயிற்சி நிலையம் ஒருபுறம், திரைப்படம் ஒருபுறம், பிறந்தநாள் வாழ்த்து ஒருபுறம், கண்ணீர் அஞ்சலி ஒருபுறம். இத்தகைய சாலையோரங்களில் வாழ்த்தும் அஞ்சலியும் ஒரே சுவரில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டப்பெற்றுக் கிடக்கும் காட்சியை நீங்களும் கண்டிருப்பீர்கள்.

இத்தகைய ஊரில் வாழும் எளிய குடும்பம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். பல்லாண்டு சேமித்த பொருளோடு கடனும் பெற்று அவர்கள் ஒரு வீடு கட்டுகின்றனர். பொங்கலுக்கு முன் சுற்றுச்சுவருக்கு வண்ணம் பூசுகின்றனர். மூன்றாம் நாள் விடியற்காலையில் கோலமிட வந்த வீட்டம்மை காண்பது என்ன? இரவோடு இரவாக யாரோ பசை தடவி, நீண்ட சுவரொட்டியை ஒட்டிச் சென்றிருக்கின்றனர். கிழித்தால் தாளோடு வண்ணமும் பெயர்ந்து வருகிறது. மீண்டும் வண்ணம் பூசுகின்றனர், மீண்டும் ஒட்டுகின்றனர். மாவுப் பசையின் சுவை அறிந்த மாடுகள் வந்து தாளை இழுத்துத் தின்கின்றன. முடிவில் அக்குடும்பத்தார், ‘விளம்பரம் செய்யாதீர்’ என்று தம் சுவரிலேயே பெரிய எழுத்தில் எழுதி வைக்கின்றனர். பிறர் கறைப்படுத்தாமல் இருப்பதற்காகத் தம் சுவரைத் தாமே கறைப்படுத்திக்கொள்ள நேர்வது எத்துணைத் துன்பம்! வழிப்போக்கருக்கு அது வெறும் சுவர். அவர்களுக்கோ பல்லாண்டு உழைப்பு.

இவ்வாறு கூறுவதால், சுவரில் எழுதுவதே தீது என்று நாம் முடிவு செய்துவிடலாகாது. செங்கற்பட்டுக்குத் தென்மேற்கே உத்தரமேரூர் என்னும் ஊர் உள்ளது. முதற் பராந்தக சோழன் ஆட்சியில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில், அவ்வூர்ச் சபையார் தம் ஊராட்சி வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலை முறையால் தேர்ந்தெடுக்கும் விதிகளை வகுத்தனர். யார் தேர்வுக்குத் தகுதியுடையவர், யார் தகுதியற்றவர் என்பதை வரையறுத்தனர். முன்னர்ப் பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவர் தகுதியற்றவர் என்பதும் அவற்றுள் ஒன்று. அவ்விதிகளை அவர்கள் எங்கே எழுதினர்? சபை மண்டபத்தின் சுவரிலேயே பொறித்து வைத்தனர். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் அறிஞர் பலர் அச்சுவரைத் தேடிச் சென்று படிக்கின்றனர்.

உத்தரமேரூர்ச் சுவரிலும் தேர்தல் பற்றிய எழுத்து உண்டு; நம் தெருச் சுவரிலும் தேர்தல் பற்றிய எழுத்து உண்டு. இரண்டுக்கும் உள்ள வேற்றுமை யாது? முன்னது ஊரார் கூடி, ஊரார் அறிய, ஊராருக்கு உரிய சுவரில் எழுதியது. பின்னது பெரும்பாலும் ஒருவர் உறங்கும் வேளையில், மற்றொருவர் தம் நலத்துக்காக, தமக்கு உரிமையில்லாத சுவரில் எழுதியது. ஆகவே, குற்றம் எழுத்தில் இல்லை, இசைவின்மையில் இருக்கிறது. இந்த ஒரு கருத்தை அடிப்படையாகக் கொண்டே நாடுகள் பலவும் இத்துறையில் சட்டம் இயற்றியுள்ளன.

நம் மாநிலத்தில் இதற்கெனத் தனிச்சட்டம் இயற்றப்பெற்றது 1959ஆம் ஆண்டில். பொதுமக்கள் கண்ணிற்படும் திறந்த இடங்கள் உருச்சிதைவதைத் தடுப்பது அதன் நோக்கம். உடையவரின் எழுத்து வழி இசைவைப் பெறாமல் அவ்விடங்களில் விளம்பரம் ஒட்டுவதும் எழுதுவதும் குற்றம் என்றும், குற்றவாளிக்குச் சிறையோ தண்டமோ விதிக்கலாம் என்றும் அச்சட்டம் கூறுகிறது. இருப்புப்பாதைத் துறைக்கும் தனிவிதிகள் உண்டு. நிலையங்களில் அத்துறை வைத்துள்ள அறிவிப்புப் பலகைகளைச் சிதைப்போருக்கும், அவற்றின் எழுத்துகளை அழிப்போருக்கும் 1989ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு திங்கள் வரை சிறையோ, 500 ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கிறது. வண்டிப் பெட்டிகளிலும் நிலையங்களிலும் உரிமையின்றி எழுதுவோரும் ஒட்டுவோரும் 500 ரூபாய் வரை தண்டம் செலுத்த வேண்டும் என்று 2012ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. நடுவண் அரசு பாதுகாக்கும் தொன்மைச் சின்னங்களைச் சிதைப்போர்க்குத் தண்டனை இன்னும் கடியது. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தை 2010இல் திருத்தியபோது, இரண்டு ஆண்டு வரை சிறையும் ஒரு இலட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்க வழி செய்தனர்.

சட்டங்கள் இத்துணை இருந்தும் சுவர்கள் ஏன் தூய்மை பெறவில்லை? காரணங்கள் சில உள. இக்குற்றம் இரவில் சில நொடிகளில் நடந்து முடிவது, கண்டவர் அரியர். கண்டவரும் வழக்கு மன்றத்துக்கு அலைய அஞ்சி வாளாவிருப்பர். பசை வாளியைச் சுமப்பவர் நாட்கூலிக்கு வந்த ஏழை. பயன் பெறுபவரோ வேறொருவர். கூலியாளைப் பிடித்துத் தண்டம் வாங்கினால், அவர்தம் ஒருநாள் உணவு போகுமேயன்றி விளம்பரம் நிற்பதில்லை. இக்குறையை உணர்ந்து, தில்லியில் 2007ஆம் ஆண்டில் இயற்றிய சட்டத்தில் ஒரு நல்ல விதியைச் சேர்த்தனர். ஒரு நிறுவனத்தின் நலத்துக்காக எழுத்து எழுதப்பட்டிருப்பின், தமக்கு அது தெரியாது என்று மெய்ப்பித்தாலன்றி, அந்நிறுவனத்தின் பொறுப்பாளரும் குற்றவாளியே என்பது அவ்விதி. எய்தவன் இருக்க அம்பை நொந்து பயன் என்ன என்பது நம் பழமொழியன்றோ? அதே சட்டம், உடையவர் தம் பெயரையும் முகவரியையும் தம் சுவரில் எழுதிக்கொள்வதை மட்டும் குற்றமாகக் கொள்ளவில்லை.

தண்டனையைக் கடுமையாக்கினால் சுவர்கள் தூய்மை பெறும் என்பார் உளர். அவர்கள் சிங்கப்பூரைச் சான்று காட்டுவர். தமிழும் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக விளங்கும் அந்நாட்டில், 1966ஆம் ஆண்டு முதல் பொதுச்சொத்தில் வண்ணம் பூசிச் சிதைப்போர்க்குச் சிறையுடன் பிரம்படியும் தரச் சட்டம் உண்டு. 1994ஆம் ஆண்டில், மகிழுந்துகள்மீது வண்ணம் தெளித்ததற்காக 18 வயது அமெரிக்க இளைஞர் ஒருவருக்கு ஆறு பிரம்படி விதிக்கப்பட்டது. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கிளிண்டனே தலையிட்டு வேண்டியும் தண்டனை நீங்கவில்லை. ஆறு அடி நான்காகக் குறைந்தது. அந்நகரத்தின் தூய்மையை நாம் பாராட்டலாம். ஆயினும், சுவரிலிருந்த வண்ணம் கழுவினால் போய்விடும். உடலிலும் மனத்திலும் பட்ட தழும்பு அவ்வளவு எளிதில் போகுமோ? ஒரு சிறுபிழைக்கு உடலை வருத்தும் தண்டனை நம் நாட்டுக்கு ஏற்றதன்று என்பதே என் கருத்து.

நியூயார்க்கு நகரம் வேறொரு வழியைக் கண்டது. 1970களிலும் 1980களின் தொடக்கத்திலும் அந்நகரின் சுரங்க இருப்புப்பாதை வண்டிகள் உள்ளும் புறமும் வண்ணக் கிறுக்கல்களால் மூடப்பட்டுக் கிடந்தன. எழுதினோரைப் பிடிக்கப் பெரும்பொருள் செலவிட்டும் பயன் சிறிதே. 1984ஆம் ஆண்டில் அதிகாரிகள் ஒரு முடிவு செய்தனர். ஒருமுறை தூய்மை செய்த பெட்டியைக் கிறுக்கலோடு மீண்டும் ஓட விடுவதில்லை என்பதே அம்முடிவு. கிறுக்கல் தோன்றினால் உடனே துடைத்தனர். இயலாதாயின் பெட்டியை ஓட்டத்தினின்றும் நீக்கினர். எழுதியவர் தம் கைவண்ணத்தை ஊரார் காண வேண்டும் என்றே எழுதுகின்றார். காண்பதற்குமுன் அழிந்துபோமாயின், எழுதும் ஆசையே அடங்கிவிடும். 1989ஆம் ஆண்டு மே திங்களில் கிறுக்கல் கொண்ட கடைசிப் பெட்டியும் நீக்கப்பட்டது. அடித்துத் திருத்தாத இடத்தில் துடைத்துத் திருத்தினர்.

அயல்நாட்டுச் செய்தி நமக்குப் பொருந்துமோ என்று ஐயுற வேண்டா. நம் நாட்டிலேயே அதற்குச் சான்று உண்டு. தேர்தல் அறிவிக்கப்பட்டவுடன் நடப்பதைப் பாருங்கள். தேர்தல் ஆணையத்தின் விதிப்படி, 24 மணி நேரத்துக்குள் அரசு அலுவலகச் சுவர்களிலும், 48 மணி நேரத்துக்குள் பேருந்து நிலையம், பாலம், மின்கம்பம் முதலிய பொதுவிடங்களிலும், 72 மணி நேரத்துக்குள் தனியார் சுவர்களிலும் உள்ள முறையற்ற அரசியல் விளம்பரங்கள் நீக்கப்பட வேண்டும். ஆண்டுக்கணக்கில் அசையாதிருந்த எழுத்துகள் மூன்று நாளில் சுண்ணாம்புக்குள் மறைகின்றன. மூன்று நாளில் முடியும் பணி முந்நூறு நாளில் முடியாதா? ஆகவே, நமக்குக் குறையாக இருப்பது சட்டமும் ஆளும் அல்ல, காலவரையும் கண்டிப்புமே.

மாணவராகிய உங்களுக்கு நெருங்கிய நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. 2024ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் தில்லிப் பல்கலைக்கழக மாணவர் சங்கத்துக்குத் தேர்தல் நடந்தது. வேட்பாளர்களின் பெயர்கள் கல்லூரிச் சுவர்களிலும், சாலைகளிலும், பொதுக் கட்டடங்களிலும் ஒட்டியும் தெளித்தும் காணப்பட்டன. வழக்கு உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. நீதிமன்றம் வாக்குப்பதிவைத் தடுக்கவில்லை. ஆனால், சிதைத்த இடங்களைத் தூய்மை செய்யும்வரை வாக்குகளை எண்ணலாகாது என்று ஆணையிட்டது. வென்றவர் யார் என்று அறியாமல் இரண்டு திங்கள் கழிந்தன. சுவர்கள் தூய்மை பெற்றபின்னரே, நவம்பர் 25ஆம் நாள் முடிவு வெளியாயிற்று. யாரையும் சிறையிலிடாமலும், யாரையும் அடிக்காமலும், கறைப்படுத்திய கைகளே அதனைத் துடைக்குமாறு செய்தது அவ்வாணை. தண்டனைகளுள் இதனினும் சிறந்தது உண்டோ? தண்டம் கட்டியவன் அதனை ஒரு செலவாக எண்ணி மறந்துவிடுவான். வாளியும் தூரிகையும் ஏந்தி வெயிலில் நின்று ஒரு சுவரைத் துடைத்தவனோ, மறுநாள் பிறர் சுவரைப் பார்க்கும்போது தன் தோள்வலியை நினைப்பான்.

இவ்விடத்தில் மறுப்புரை ஒன்று எழக்கூடும். ‘செய்தித்தாள் நடத்தப் பொருள் இல்லாத ஏழைக்குச் சுவரே செய்தித்தாள், அதனைத் தடுத்தால் அவன் குரலை அடக்குவதாகாதா?’ என்று சிலர் கேட்பர். நேர்மையான கேள்வி இது, தள்ளிவிடத் தக்கதன்று. 1953ஆம் ஆண்டில் திருச்சி மாவட்டத்து டால்மியாபுரம் நிலையத்தில், மு. கருணாநிதியும் அவர்தம் தோழரும் பெயர்ப்பலகைமேல் ‘கல்லக்குடி’ என்னும் ஊரின் பழம்பெயரை ஒட்டினர். அது சட்டத்துக்கு மாறான செயலே. ஆயினும் அவர்கள் பட்டப்பகலில், பலர் அறிய, தம் பெயரை மறைக்காமல் செய்தனர். அதற்குரிய சிறைத் தண்டனையையும் ஏற்றனர். பின்னாளில் அந்நிலையத்தின் பெயரில் கல்லக்குடி இடம்பெற்றது. கொள்கைக்காகச் சட்டத்தை மீறித் தண்டனையை ஏற்பது ஒருவகை. ஆளில்லா வேளையில் பிறர் சுவரில் வணிகம் செய்துவிட்டு மறைந்தோடுவது வேறுவகை. முன்னதன் பெயரைச் சொல்லிப் பின்னதனைக் காத்தல் முறையன்று. எனினும், எளியவர் தம் கருத்தை இலவசமாக எழுதி ஒட்டுவதற்கு ஒவ்வோர் ஊரிலும் பொது அறிவிப்புப் பலகைகள் இருத்தல் வேண்டும். ஒரு வாயிலை அடைப்பவர் மற்றொரு வாயிலைத் திறந்து வைப்பதே அறம்.

இசைவோடு எழுதும் எழுத்து ஊருக்கு அணியாவதையும் நாம் கண்டிருக்கிறோம். சென்னை மாநகராட்சி 2009ஆம் ஆண்டையொட்டி அண்ணா சாலை, காமராசர் சாலை ஆகியவற்றின் சுவர்களில் சுவரொட்டிகளைத் தடை செய்து, ஓவியர்களைக் கொண்டு தமிழர் பண்பாட்டுக் காட்சிகளைத் தீட்டச் செய்தது. தட்டிகளும் பெயர்ப்பலகைகளும் எழுதிப் பிழைத்து, அச்சுப் பொறியால் தொழில் இழந்த ஓவியர்க்கும் அத்தகைய பணி கைகொடுக்கும். துரைப்பாக்கத்தை அடுத்த கண்ணகி நகரில், நகரத்தினின்றும் பெயர்த்துக் குடியமர்த்தப்பட்ட எளிய மக்கள் வாழ்கின்றனர். அங்குள்ள அடுக்குமாடிச் சுவர்களில் 2020ஆம் ஆண்டில் வானளாவிய ஓவியங்களை வரைந்தனர். முன்னர் அப்பகுதியின் பெயரைக் கேட்டு முகம் சுளித்தோரும், பின்னர் ஓவியம் காண அதனை நாடிச் சென்றனர். சுவர் பேசினால் ஊர் உயரும். ஆனால், அது ஊரார் விரும்பும் பேச்சாக இருத்தல் வேண்டும்.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கினால், ஊரப்பாக்கம் போன்ற ஊர்கள் செய்யத் தக்கது தெளிவாகும். 2021ஆம் ஆண்டில் தாம்பரம் மாநகராட்சி அமைந்தபோது, அவ்வூர் அதன் எல்லைக்கு வெளியே ஊராட்சியாகவே நின்றது. தேர்தற் காலத்தில் நகர்ப்புறச் சுவர்களில் உடையவர் இசைந்தாலும் எழுதலாகாது. ஊர்ப்புறத்திலோ உடையவர் எழுத்து வழி இசைந்தால் எழுதலாம் என்பது நம் மாநிலத்தில் பின்பற்றப்பட்டு வரும் முறை. ஒரே சாலையில், ஒரே பேருந்தில் செல்பவன், எந்த இடத்தில் எந்த விதி தொடங்குகிறது என்று எங்ஙனம் அறிவான்? நகரமும் சிற்றூரும் ஒன்றோடொன்று கலந்துவிட்ட இத்தகைய இடங்களில், மேலிருந்து வரும் சட்டம் மட்டும் போதாது. ஊரார் தாமே கூடிச் செய்யும் கட்டுப்பாடும் வேண்டும். அதற்கு வழியும் உண்டு. ஊராட்சிகளில் குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தியடிகள் பிறந்த நாள் ஆகியவற்றில் கிராம சபை கூடுகிறது. நகர்ப்புறங்களில் 2022ஆம் ஆண்டு முதல் பகுதி சபைகள் கூடுகின்றன. எந்தச் சுவர்களில் ஓவியம் தீட்டலாம், அறிவிப்புப் பலகைகளை எங்கெங்கே நிறுத்தலாம், முறையற்ற விளம்பரத்தை எத்தனை நாளுக்குள் நீக்க வேண்டும், நீக்கும் செலவைப் பயன் பெற்றவரிடமிருந்து பெற என்ன செய்யலாம் என்பவற்றை அச்சபைகளில் ஊரார் பேசி முடிவு செய்யலாம். உத்தரமேரூர்ச் சபையார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் செய்த பணியைத் தொடர்வதாகும் அது.

மாணவர்களே! பிறரைப் பற்றி இதுவரை பேசினோம். இனி நம்மைப் பற்றியும் சிறிது எண்ணுவோம். வகுப்பறை மேசையில் கவராயத்தின் முனையால் பெயர் செதுக்காத மாணவர் எத்தனை பேர்? சுற்றுலாச் சென்ற இடத்தில் பாறையிலும் மரத்திலும் தம் பெயரையும் நண்பர் பெயரையும் பொறித்து மகிழாதவர் எத்தனை பேர்? புதுக்கோட்டைக்கு அருகில் சித்தன்னவாசல் குகையில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட ஓவியங்கள் உள்ளன. தாமரைக் குளத்தைத் தீட்டிய அவ்வோவியங்களில் பெரும்பகுதி இன்று அழிந்துபட்டது. காலம் செய்த அழிவோடு, காண வந்தோர் கைகள் செய்த அழிவும் அதில் உண்டு. ஒருவன் ஒரு நொடியில் கீறிய கீற்று, ஆயிரம் ஆண்டு நின்ற அழகை அழித்துவிடுகிறது. அவனுக்கு எத்தனை ஆண்டு சிறை விதித்தாலும், அத்தாமரை மீண்டும் மலருமோ?

சட்டம் சுவரைக் காக்கும் வேலியே. எனினும், ஒவ்வொரு சுவருக்கும் ஒரு காவலரை நிறுத்த எந்த அரசாலும் இயலாது. தன் வீட்டுச் சுவரில் பிறர் எழுதினால் தன் உள்ளம் எங்ஙனம் வருந்தும் என்று எண்ணிப் பார்ப்பவன், பிறர் சுவரருகே நிற்கும்போது தன் கையைத் தானே தடுத்துக்கொள்வான். அடுத்த முறை ஊரப்பாக்கத்தையோ உங்கள் ஊரையோ கடந்து செல்லும்போது, ஒரு சுவரையேனும் நின்று பாருங்கள். அதன் ஒவ்வொரு செங்கல்லுக்கும் பின்னால் ஒரு குடும்பத்தின் உழைப்பு இருக்கிறது. அதனை மதித்து நடப்பீர்களாயின், உங்கள் பெயர் எச்சுவரிலும் இல்லாவிடினும், ஊரார் உள்ளத்தில் நிலைத்து நிற்கும்.